கோழிக்கு இறகு கொட்டுகிறதா? மருந்தைத் தொடும் முன் எந்த இடத்தில் என்று பாருங்கள்

"முதுகில் இறகே இல்லை, என்ன மருந்து போடலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் செவலைப் பெட்டைக்கு வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இறகு போய்த் தோல் தெரிந்தபோது, பேன்தான் என்று முடிவு செய்து ஒரு மாதம் வேப்பெண்ணெய் தடவினேன். கடையில் கொடுத்த வைட்டமின் டானிக்கையும் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து அம்மாயி வந்து கோழியைத் தூக்கி ஒரு புரட்டு புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சேவல் மிதிச்ச முதுகு கண்ணு, மருந்துக்கு இங்க என்ன வேலை?" என்றார். ஏழு பெட்டைக்கு மூன்று சேவல் வைத்திருந்தேன். அந்த ஒரு மாதமும் அதன் உடம்பில் பேன் இருக்கிறதா என்று ஒரு தடவைகூட இறகைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கோழிக்கு இறகு போகப் பல காரணங்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு காரணமும் பெரும்பாலும் தனக்கென்று ஓர் இடத்தில் தொடங்குகிறது. இடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் கோழியைப் பிடித்துப் பாருங்கள்

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, அடைந்த கோழியை அப்படியே இரண்டு கையாலும் எடுத்தால் சத்தமில்லாமல் வரும். ஒருவர் இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தலை, பிடரி, முதுகு, வாலடி, எச்சத்துவாரத்தைச் சுற்றி, இறக்கைக்கு அடியில், நெஞ்சு என்று இறகை எதிர்ப்பக்கமாக ஊதி ஊதிப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. எந்த இடத்தில் போயிருக்கிறது? இறகு வேரோடு போயிருக்கிறதா, இல்லை பாதியில் ஒடிந்து அடித்தண்டு மட்டும் நிற்கிறதா? தோல் எப்படி இருக்கிறது, அதாவது சுத்தமாகவா, சிவந்தா, ரத்தத்தோடா, பொருக்கோடா? இதோடு நெஞ்செலும்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி தட்டுப்பட்டால் கோழி இளைத்திருக்கிறது, குடற்புழு இருக்கலாம். அது தனிக் கவனிப்பு.

கழுத்தில் ஆரம்பித்து உடம்பு முழுக்கக் கொட்டுகிறது, காயம் இல்லை

இது நோயில்லை, இறகு மாற்றம். தலையிலும் கழுத்திலும் தொடங்கி, நெஞ்சு, உடம்பு, இறக்கை, கடைசியில் வால் என்று வரிசையாகப் போகும். கூண்டுக்குள் காலையில் பார்த்தால் நேற்று இரவு யாரோ கோழியை அறுத்தது மாதிரி இறகு கிடக்கும், பயந்துவிடாதீர்கள். உதிர்ந்த இடத்தில் தோல் வெளிறிச் சுத்தமாக இருக்கும், சில நாளில் நீலமும் கறுப்புமாகக் குத்துக்குத்தாக முள் மாதிரி முளைத்து வரும். அந்த முள்ளுக்குள் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும். அதைப் பிய்க்கவோ வெட்டவோ கூடாது, இந்தச் சமயத்தில் கோழியை அடிக்கடி பிடிக்கவும் கூடாது.

முதல் பெரிய இறகு மாற்றம் ஒன்றரை வயது வாக்கில் வரும். முடிய இரண்டிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும், முட்டை நின்றுவிடும். குளிர் நாடுகளில் பகல் சட்டென்று சுருங்குவதால் இலையுதிர் காலத்தில் எல்லாக் கோழியும் ஒன்றாகக் கொட்டும். நம் ஊரில் அப்படி இல்லை. சென்னையில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், தெற்கே போனால் இன்னும் குறைவு. அதனால் நாட்டுக்கோழிகள் ஆளுக்கொரு மாதத்தில் கொட்டுவதைப் பார்க்கலாம். முட்டையிட்டு, அடை கிடந்து, குஞ்சு பொரித்து எழுந்த பிறகு கொட்டுவது ரொம்ப சகஜம். ஒரே கோழி மட்டும் கொட்டுகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்பதற்காக அதற்கு நோய் என்று நினைக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த வளர்குஞ்சுகளும் இறகு மாற்றும், ஒரு தடவை இல்லை, பல தடவை. பஞ்சு போய் இறகு வரும்போது அசிங்கமாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது தீனி மட்டும். இறகு கிட்டத்தட்ட முழுக்கவே புரதம், அதனால் வெறும் நொய்யும் சோறும் போட்டால் முளைப்பு இழுத்துக்கொண்டே போகும். தீனி பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதுகு, வாலுக்கு மேலே, பிடரி

சேவல். வேறு காரணம் தேடும் முன் சேவலை எண்ணுங்கள். சேவல் மிதிக்கும்போது அலகால் பிடரி இறகைக் கவ்வும், இரண்டு காலாலும் முதுகில் ஏறி நிற்கும். அதனால் பிடரியும் முதுகும் சேர்ந்தே போகும், முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இறகு பாதியில் ஒடிந்திருக்கும். பல வீடுகளில் ஒன்றிரண்டு பெட்டைக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது, ஏனென்றால் சேவல் தனக்குப் பிடித்த பெட்டையையே, அல்லது ஓடாமல் பணிந்து உட்காரும் பெட்டையையே திரும்பத் திரும்ப மிதிக்கும்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நாலைந்து பெட்டை மட்டும் வைத்திருப்பவர்கள் சேவலைப் பகலில் சில மணி நேரம் மட்டும் சேர்த்து விட்டாலே முட்டை கருக்கட்டும். இளம் சேவல்கள் இரண்டு மூன்று ஒன்றாக வளர்ந்து வந்தால் போட்டி போட்டுக்கொண்டு மிதிக்கும், அவற்றை முதலில் பிரியுங்கள். விலாப்பக்கம் கிழிந்த காயம் இருந்தால் சேவலின் கால் முள்ளைப் பாருங்கள். கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே ரத்த ஓட்டம் உள்ள பகுதி வரை போகக் கூடாது.

இங்கே ஒன்றை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. வேரோடு போன இறகு சில வாரங்களில் முளைக்க ஆரம்பிக்கும், ஆனால் ஒடிந்து தண்டு நிற்கும் இறகு அடுத்த இறகு மாற்றம் வரை அப்படியேதான் இருக்கும். சேவலை விற்றுவிட்டு இரண்டு மாதம் கழித்து "இன்னும் முளைக்கவில்லையே" என்று மருந்து தேடிப் போகாதீர்கள்.

நெஞ்சும் அடிவயிறும் மட்டும்

அடைக்கோழி. முட்டைக்குச் சூடு நேராகப் படுவதற்காக நெஞ்சு இறகு தளர்ந்து உதிரும், கோழியே கொஞ்சம் பிடுங்கியும் போடும். கூடையில் இறகு கிடந்து, பக்கத்தில் போனால் சிலிர்த்துக்கொண்டு கொறகொறவென்று சத்தம் கொடுத்தால் முடிந்தது, வேறு சோதனை தேவையில்லை. 21 நாள் கழித்துக் குஞ்சோடு எழுந்ததும் மெதுவாக முளைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அடைக்கோழி மண்ணில் புரளுவது குறைந்துவிடுவதால் பேனும் செள்ளும் (ரத்தம் குடிக்கும் நுண்ணிய பூச்சி) அதன் மேல்தான் வேகமாகப் பெருகும். அடை வைக்கும்போதே கூடையில் மணலுக்கு மேல் சலித்த சாம்பலும் உலர்ந்த நொச்சி இலை, வேப்பிலையும் பரப்பிவிடுங்கள். அடுப்புக்கரியும் இரும்புத் துண்டும் வைக்கிற வழக்கம் இடிக்காக என்பார்கள், அது செள்ளுக்கு உதவாது.

எச்சத்துவாரத்தைச் சுற்றி, இறக்கைக்கு அடியில், தொடையில்

இங்கேதான் பேனும் செள்ளும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே வைத்தியம் செய்வதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் தீருவதில்லை. ஒன்று கோழி மேலேயே வாழ்கிறது, இன்னொன்று பகலில் கூண்டுக்குள் ஒளிந்துகொள்கிறது.

பேன் வைக்கோல் நிறத்தில் இருக்கும், எள்ளை விடச் சிறிதாக. எச்சத்துவாரத்துப் பக்கம் இறகைப் பிரித்த உடனே வெளிச்சத்துக்குப் பயந்து சரசரவென்று ஓடும், இரண்டு நொடி தாமதித்தால் காணாமல் போய்விடும். இறகின் அடித்தண்டைப் பாருங்கள், ஈரச் சர்க்கரை ஒட்டிய மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கட்டியாக முட்டை இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பேன்தான். முட்டையிலிருந்து வளர்ந்த பேன் ஆக மூன்று வாரம், முழுக்கக் கோழி உடம்பிலேயே. அதனால் வைத்தியமும் உடம்பில்தான். முட்டை மேல் எந்தப் பொடியும் வேலை செய்யாது, எனவே ஒரு தடவை போட்டுவிட்டு நிறுத்தினால் ஒரு வாரத்தில் புதுப் பேன் வந்துவிடும். ஏழிலிருந்து பத்து நாள் இடைவெளியில் குறைந்தது இரண்டு தடவை, முடிந்தால் மூன்று தடவை செய்யுங்கள். எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும், நோயுள்ள ஒன்றுக்கு மட்டும் செய்து பயனில்லை.

நான் செய்வது இதுதான்: விறகுச் சாம்பலைச் சலித்து, அதில் வசம்புப் பொடியும் நிழலில் காய்ந்த வேப்பிலைப் பொடியும் கலந்து, இரவில் கோழியைப் பிடித்து இறகுக்கு அடியில் தோலில் படும்படி தேய்த்துவிடுவது. கண், மூக்கில் படக் கூடாது. பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த கட்டை எரித்த சாம்பல் கூடவே கூடாது. வேப்பெண்ணெய் தடவுவதென்றால் தேங்காயெண்ணெயோடு கலந்து எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் சில சொட்டு போதும். உடம்பெல்லாம் எண்ணெய் பூசினால் இறகு ஒட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் கோழி குளிரில் நடுங்கும்.

செள்ளு வேறு மாதிரி. சிவப்புச் செள்ளு இரவில் மட்டும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு விடியும் முன் இறங்கிவிடும். பகலில் எத்தனை முறை கோழியைப் புரட்டினாலும் ஒன்றும் தெரியாது. கோழி மாலையில் கூண்டுக்குள் போக மறுப்பது, கொண்டை வெளுத்துப் போவது, முட்டை எடுக்கும் கையில் ஊறுவது எல்லாம் இதன் அடையாளம். சோதனை ரொம்ப எளிது. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்திலும் சட்டங்கள் சேரும் மூலைகளிலும் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது கோழியின் ரத்தம்.

எங்கள் பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் பின்னல் கூடை) இது வந்தபோது அதிர்ந்து போனேன். பின்னல் ஒவ்வொன்றுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் தூசு மாதிரி அடைந்திருந்தது, குச்சியால் கிளறியதும் அந்தத் தூசு நகர்ந்தது. சந்தையில் வாங்கி வந்த இரண்டு கோழியை அன்றைக்கே மற்றவற்றோடு அடைத்ததால் வந்த வினை. கோழிக்கு எவ்வளவு பொடி போட்டாலும் இது போகாது, கூண்டைத்தான் சரி செய்ய வேண்டும். பஞ்சாரத்துக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாள் உச்சி வெயிலில் கவிழ்த்துப் போட வேண்டும், பழசாக இருந்தால் எரித்துவிட்டுப் புதிது வாங்குவது மேல். இரும்புக் கூண்டைத் தீ ஜுவாலையில் காட்டலாம். மரக்கூண்டின் இடுக்குகளைச் சுண்ணாம்பு அடித்து அடைக்கலாம். கோடையில் ஒரு வாரம் பத்து நாளிலேயே இது ஒரு தலைமுறை பெருகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். கூண்டைக் காலியாகப் போட்டுவைத்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிர் வாழும்.

மண்சுவர் விரிசலிலும் மரப்பட்டைக்கு அடியிலும் ஒளியும் கோழி உண்ணியும் இப்படித்தான், இரவில் மட்டும் வரும். உண்ணி கடித்த கோழிக்குக் காய்ச்சலும் கால் தளர்ச்சியும் வரலாம், அப்படி வந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேலோ கூண்டிலோ அடிக்காதீர்கள். கோழி செத்துவிடும், செத்துவிடாவிட்டால் முட்டை வழியாக உங்கள் பிள்ளைகளுக்குப் போகும். மண்ணெண்ணெயும் வேண்டாம், தோல் வெந்துவிடும். கால்நடை மருத்துவர் பேன் மருந்து எழுதிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டு வாங்குங்கள்.

வாலும் பின்பக்கமும், ரத்தத்தோடு

ஒன்றை ஒன்று கொத்துகின்றன. இதில் தாமதம் கூடாது, ஏனென்றால் ரத்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து கொத்தும், ஒரே நாளில் குடல் வெளியே வரும் அளவுக்குப் போகும். காயம்பட்ட கோழியை உடனே தனியாக வையுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்புங்கள், சிவப்பும் மறையும், ஈயும் உட்காராது.

அப்புறம் அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். கொத்துகிற கோழி பெரும்பாலும் இறகு முழுசாக, பளபளவென்று இருக்கும் கோழிதான். அதை மூன்று நான்கு நாள் கண்ணில் படாமல் பிரித்து வைத்தால், திரும்பி வரும்போது அதன் அதட்டல் குறைந்திருக்கும்.

ஆனால் அது கொத்தக் காரணம் என்ன? ஒன்று இட நெருக்கடி. கூண்டுக்குள் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும், பகலிலும் அடைத்தே வைப்பதென்றால் அதைவிட நிறைய. இன்னொன்று வெக்கை, கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடைத்த கோழி கொத்தத்தான் செய்யும். மூன்றாவது, என் அனுபவத்தில் பெரியது, தீனி. நொய்யில் புரதம் 7, 8 சதவீதம்தான். கம்பில் 10, 12 இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 வைக்கிறார்கள். மேய்ச்சல் இருக்கும் கோழி புழுபூச்சியில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். சிமென்ட் போட்ட கொல்லையிலும் மொட்டைமாடியிலும் வளரும் கோழி எங்கே போகும்? அது இறகைத்தான் தின்னும். கோழி கொத்திப் பிடுங்கிய இறகை விழுங்குவதைப் பார்த்தீர்களானால் புரதமோ உப்போ பற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்குக் கறையான் மாதிரி ஒன்று இல்லை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை, மக்கிய கட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து நனைத்து, சாயங்காலம் கறையான் நடமாட்டமுள்ள மண்ணில் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் வெயில் ஏறும் முன் தூக்கினால் பானைக்குள் வெள்ளையாக நெளிந்துகொண்டிருக்கும். கோழி முன் தட்டினால் ஒரு நிமிடத்தில் காலி. ஈசல் காலத்தில் தனியாக எதுவும் தேவையில்லை. கறையான் கிடைக்காத இடத்தில் கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் (பூசணம் பிடித்ததைத் தொடவே கூடாது, அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்), ஊறவைத்து உப்பு நீக்கிய கருவாட்டுத் தலை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்று கொடுக்கலாம். முருங்கைக் கீரையைக் கட்டாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள், சத்துக்கும் ஆச்சு, பொழுதுபோக்குக்கும் ஆச்சு.

தாடைக்குக் கீழே, முன்கழுத்தில் மட்டும்

தீனித்தட்டின் விளிம்போ கம்பிவலையோ உரசுகிறது. வலைக்கு வெளியே தலையை நீட்டிப் புல் கொத்தும் கோழிக்கு இப்படி ஆகும். உரசும் இடத்தை மாற்றினால் போதும்.

ஒரே இரவில் போய்விட்டது

நேற்று நன்றாக இருந்த கோழிக்கு இன்று வாலே இல்லையென்றால் அது நோயில்லை. கீரியோ நாயோ பூனையோ கவ்வியிருக்கும், பயத்தில் வால் இறகு மொத்தமாகக் கழன்று எதிரி வாயில் போய்விடும், கோழி தப்பிவிடும். இறகு ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கும். உடம்பில் பல் பதிந்திருக்கிறதா என்று இறகை விலக்கிப் பாருங்கள், சின்னத் துளையாக இருந்தாலும் உள்ளே சீழ் வைக்கும். தூங்கும் கோழியின் இறகையும் கால் விரலையும் எலி கடிப்பதும் உண்டு, கூண்டில் எலிப் புழுக்கை தேடுங்கள்.

பிறவியிலேயே அப்படி

மொட்டைக் கழுத்துக் கோழிக்குக் கழுத்தில் இறகு இருக்காது, உடம்பிலும் குறைவாகத்தான் இருக்கும், வெக்கையைத் தாங்க அது ரொம்ப நல்லது. அசில் வகைச் சண்டைக்கோழிக்கும் நெஞ்செலும்பின் மேல் வெறுமையாகச் சிவந்து தெரிவது இயல்பு. புதிதாக வாங்கியவர்கள் தாய்க்கோழி எப்படி இருந்தது என்று விற்றவரிடம் கேளுங்கள்.

எப்போது கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும்

கோழி தன் இறகைத் தானே பிடுங்குகிறது, இறகு தோல் மட்டத்தில் ஒடிகிறது, தோலில் செதில் இருக்கிறது, ஆனால் பேனும் இல்லை கூண்டில் செள்ளும் இல்லை என்றால், தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய சொறிச் செள்ளாக இருக்கலாம். மேல்பூச்சுக்கு அது அசையாது, மருந்து தேவை. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, இறக்கையைத் தொங்கவிட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் இறகைப் பற்றிய பேச்சையே விடுங்கள், அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கக்கூடும். அன்றைக்கே பிரித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சந்தையில் வாங்கும் கோழியை மூன்று வாரம் தனியாக வைத்து, சாம்பல் தேய்த்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் சேர்க்கிறேன். கொல்லையின் ஒரு மூலையில் மழை படாத இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, மணலும் சாம்பலும் கொட்டி வைத்திருக்கிறேன். மதிய வெயிலில் செவலை அதில் படுத்து, ஒரு காலை நீட்டி, இறக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொள்ளும். அதன் முதுகு முழுசாக மூடச் சேவல்களைக் குறைத்து ஏழு மாதம் ஆனது.